படம் வராவிட்டால் கம்ப்யூட்டர் செத்துவிட்டதா?

பரணில் கிடந்த பிபிசி மைக்ரோவையோ ஸ்பெக்ட்ரமையோ இறக்குவார்கள். பேரனின் மானிட்டரில் எப்படியோ ஒரு வயரை ஒட்டுப்போட்டு மாட்டுவார்கள். திரை கறுப்பாகவே நிற்கும். உடனே "மெஷின் செத்துப்போச்சு" என்று தீர்ப்பு. அடுத்த வெள்ளிக்கிழமை அது பல்லாவரம் சந்தையில் கிடக்கும். 1984-85இல் மத்திய அரசின் கிளாஸ் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த மெஷின், ஐயா, அந்த பிபிசி மைக்ரோ!

குற்றவாளி கம்ப்யூட்டர் அல்ல. இவை டிவிக்காகவே பிறந்தவை. விநாடிக்கு சுமார் 15,625 கோடுகள் வரைந்து, 50 முறை திரையை நிரப்பும். தூர்தர்ஷனின் பால் முறைக்கும் இதே கணக்குதான். விஜிஏ மானிட்டரோ விநாடிக்கு சுமார் 31,500 கோடுகள் கேட்கும். பிளக் பொருந்துவது வேறு, சிக்னல் பொருந்துவது வேறு. இதைச் சொன்னால் பலருக்கும் கோபம் வருகிறது.

"எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் வாங்கினால் தீர்ந்தது" என்பார் அடுத்தவர். தீராது. டிவி நிலையம் 625 கோடுகளை இரண்டு பாதியாகப் பின்னி அனுப்பும். ஸ்பெக்ட்ரம் பின்னாமல் 312 கோடுகளையே திரும்பத் திரும்ப அனுப்பும். மலிவான பெட்டிகள் பலவும் இதையும் பின்னல் என்றே நினைத்து, ஓடும் உருவத்தின் ஓரத்தைச் சீப்புப் பல் போலக் கிழித்துக் காட்டும். பிறகு, "அந்தக் காலத்துப் படமே இவ்வளவுதான்" என்று ஒரு அவதூறு!

சரியான திரை பல வீடுகளில் ஏற்கெனவே இருந்தது. 2006இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் இலவசமாக வந்த 14 அங்குல கலர் டிவியைத்தான் சொல்கிறேன். எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் தள்ளிவிட்டீர்களா? இல்லையென்றால் தயவுசெய்து தள்ளாதீர்கள். ஏவி துளை இருந்தால் பிபிசியின் 'வீடியோ அவுட்'டை அதில் கொடுக்கலாம். அந்த வழியில் கருப்பு வெள்ளைதான் வரும். கலர் வேண்டுமானால் உள்ளே போர்டில் ஒரு இணைப்பைப் பற்றவைக்க வேண்டும். விளையாட்டுக்கு அது போதும். ஆனால் 80 எழுத்து வரியில் கலர் மசமசக்கும், அதற்குக் கருப்பு வெள்ளையே மேல். எழுத்தும் கலரும் இரண்டும் துல்லியமாக வேண்டுமென்றால் ஆர்ஜிபி மானிட்டர்தான். பிரிட்டிஷ் பள்ளிகளில் இருந்த மைக்ரோவிடெக் கப் எங்காவது கிடைத்தால் விடாதீர்கள்.

ஆர்ஜிபி ஆசையில் சிலர் டிவியின் முதுகைக் கழற்றி உள்ளேயே வயர் இழுக்கிறார்கள். இதை ஊக்குவிப்பவர்களை நான் மன்னிக்கமாட்டேன். ஏவி துளை இல்லாத பழைய செட்டுகள் பலவற்றில் சேஸிஸ் நேரே மெயின்ஸோடு தொடர்புடையது. அதில் கம்ப்யூட்டரை இணைத்தால் கீபோர்டைத் தொடுபவருக்கே ஷாக் அடிக்கலாம். பிக்சர் டியூபிலோ, சுவிட்சை அணைத்த பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். அந்த செட்டுக்கு ஏரியல் துளை போதும். கம்ப்யூட்டரின் டிவி வயரை அதில் சொருகி, யுஎச்எஃப் 36ஆம் சானல் பக்கம் பொறுமையாக ட்யூன் செய்யுங்கள்.