சூதுக்கு வைத்த புதுப்பெயர்

கொஞ்ச காலமாக ஒரு வாதம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. சொல்பவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், கணினித் துறைக்காரர்கள். "பாலிமார்க்கெட் மாதிரி கிரிப்டோ கணிப்புச் சந்தைகளைச் சூதாட்டம்னு சொல்லாதீங்க. அது தகவல் சந்தை. பெட்ஃபேர் மாதிரி பந்தய எக்ஸ்சேஞ்ச் வேற, இது வேற. கருத்துக்கணிப்பு பொய் சொல்லும், பணம் பொய் சொல்லாது."

நான் எதிர்க்கட்சி. இரண்டும் சூதுதான். எது மேல் என்று கேட்டால், தன்னைச் சூது என்று ஒப்புக்கொண்டு உரிமம் வாங்கி நடக்கிற பழைய எக்ஸ்சேஞ்சையே சொல்வேன். பெயரை மாற்றிக்கொண்டு வருகிற சூதுதான் கும்மிடிப்பூண்டி மாதிரி ஊருக்கு அதிக ஆபத்தானது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 2000-இல் இங்கிலாந்தில் வந்த பெட்ஃபேர், நடுவிலிருந்த புக்கியை எடுத்துவிட்டது. ஜெயிக்கும் என்பவர் 'பேக்', ஜெயிக்காது என்பவர் 'லே'. இருவரையும் கோத்துவிட்டு, ஜெயித்தவர் லாபத்தில் கமிஷன் பிடித்துக்கொள்ளும். 2020-இல் வந்த பாலிமார்க்கெட்டில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு சீட்டு. இரண்டு விலையும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு டாலர். அதையே பத்து ரூபாய்க்கு இந்தியாவில் நடத்தியது புரோபோ. சென்னை அணி ஜெயிக்கும் என்ற சீட்டு 6 ரூபாய் என்று வையுங்கள். 600 ரூபாய்க்கு நூறு சீட்டு வாங்கினால், ஜெயித்தபின் ஆயிரம் கிடைக்கும். அதே 600-ஐ எக்ஸ்சேஞ்சில் 1.67 விலையில் 'பேக்' போட்டாலும் அதே ஆயிரத்துச் சொச்சம்தான், கமிஷன் போக. எழுதும் முறை மாறியிருக்கிறது, ஆட்டம் மாறவில்லை.

புதிய தொழில்நுட்பம் என்ற பெருமையும் நிற்காது. கல்கத்தா வியாபாரிகள் மழை வருமா வராதா என்று பந்தயம் கட்டியதைத் தடுக்க 1897-இல் தனிச் சட்டமே போட்டார்கள். பம்பாய் மட்கா, நியூயார்க் பருத்திச் சந்தையின் தந்தி விலையை வைத்துத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரிக்குத் தடை வந்த பிறகும், கேரள லாட்டரியின் கடைசி எண்களை வைத்து 'மூணு நம்பர்' சீட்டு டீக்கடை ஓரங்களில் ஓடுகிறது. எங்கோ நடக்கும் ஒன்றின் முடிவுக்கு இங்கே பணம் கட்டுவது நமக்குப் பழகிய விஷயம்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? மூன்று கேள்விகளில் இருக்கிறது. ஆடுவது யார்? முடிவைச் சொல்வது யார்? ஏமாந்தால் யாரிடம் போய் நிற்பது?

2007-இல் போலந்தின் சோபோட் நகரில் டேவிடென்கோ ஆடிய ஒரு டென்னிஸ் ஆட்டத்தில் பணம் வினோதமாகப் பாய்ந்தது. பெட்ஃபேர் எல்லாப் பந்தயங்களையும் ரத்து செய்து டென்னிஸ் அமைப்புக்குத் தகவல் கொடுத்தது. ஓராண்டு விசாரணைக்குப் பின் இரு வீரர்கள் மீதும் குற்றமில்லை என்று முடிந்தது. கணக்குக்குப் பின்னால் பெயரும் முகவரியும் இருந்ததால்தான் அப்படி ஒரு விசாரணை நடக்க முடிந்தது. பெட்ஃபேரும் உத்தமர் இல்லை. 2011 டிசம்பரில் அயர்லாந்துக் குதிரைப் பந்தயம் ஒன்றில், ஜெயித்துக்கொண்டிருந்த குதிரைக்கு 28-க்கு 1 என்ற விலை திரையில் நின்றது. வாங்கினவர்களுக்குப் பணம் தராமல், தொழில்நுட்பக் கோளாறு என்று ஓட்டத்தின் நடுவே கட்டியவற்றை ரத்து செய்தார்கள். ஆட்கள் கொதித்தார்கள். ஆனால் கொதிப்பதற்கு ஒரு நிறுவனம், ஒரு உரிமம், ஒரு ஒழுங்குமுறை ஆணையம் எதிரில் இருந்தன.

இந்தப் பக்கம் 2025 மார்ச்சைப் பாருங்கள். உக்ரைனும் அமெரிக்காவும் கனிம ஒப்பந்தம் போடுமா என்று பாலிமார்க்கெட்டில் ஒரு கேள்வி. ஒப்பந்தம் ஆகவில்லை. முடிவு 'ஆம்' என்று வந்தது! தகராறு வந்தால் தீர்ப்பு சொல்வது யூமா என்ற கிரிப்டோ காசை வைத்திருப்பவர்களின் வாக்கு. அதிகக் காசு வைத்திருப்பவருக்கு அதிக வாக்கு. எதிர்பார்ப்புக்கு மாறான முடிவு என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது, பணத்தைத் திருப்பித் தர மட்டும் மறுத்துவிட்டது. மூணு நம்பர் சீட்டு விற்பவர்கூட முடிவைக் கேரள அரசின் குலுக்கலிலிருந்துதான் எடுக்கிறார். இங்கே பணக்கார ஆட்டக்காரர்களே நடுவர்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் சொல்லவேண்டும். பிளாக்செயினில் கணக்கு வழக்கு எல்லோருக்கும் தெரியும். 2024 தேர்தலில் டிரம்ப் வெல்வார் என்று விலை சரியாகச் சொன்னது. இரண்டும் உண்மை. ஆனால் கணக்கு தெரியும், கணக்குக்காரர் யாரென்று அதில் எழுதியிருக்காது. அந்தத் தேர்தலில் டிரம்ப் பக்கம் பல கணக்குகளில் மூன்று கோடி டாலருக்கு மேல் கட்டியவர் ஒரே பிரெஞ்சுக்காரர். அவர் எதை நம்பிக் கட்டினார்? சொந்தச் செலவில் ரகசியமாக எடுக்கவைத்த கருத்துக்கணிப்பை. கருத்துக்கணிப்பு பொய், பணமே உண்மை என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். விலை சரியாக இருப்பது செய்தி படிப்பவருக்கு லாபம். அந்தச் சரியான விலைக்குக் கூலி கொடுப்பவர் தோற்றவர். பங்குச் சந்தையில் பின்னால் ஒரு தொழிற்சாலையாவது ஓடும். இங்கே ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் போவதைத் தவிர வேறொன்றும் நடப்பதில்லை.

இனி நம்மூர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலையிலோ ரோலிங் மில்லிலோ வேலை பார்க்கும் ஓர் ஒப்பந்தத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர், அல்லது பொன்னேரிப் பக்கத்துப் பையன். கையில் போன், போனில் சம்பளம். அவர் எதிரில் 'இல்லை' சீட்டு விற்பது, தனக்கென்று கருத்துக்கணிப்பு எடுக்க வசதியுள்ள ஆள். இந்த ஆட்டத்தைத் 'தகவல் சந்தை' என்று அவருக்கு விற்பதைவிடப் பெரிய ஏமாற்று என்ன இருக்கிறது?

அவரைச் சட்டம் காக்கிறதா? நீதிபதி சந்துரு குழு அறிக்கைக்குப் பிறகு 2022-இல் சட்டமன்றம் தடைச் சட்டம் போட்டது. ஆளுநர் திருப்பி அனுப்ப, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் வந்தது. 2025-இல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை தடை நேரம் விதித்தார்கள். நல்ல நோக்கம். ஆனால் நைட் ஷிஃப்ட் முடிந்து வருபவருக்குக் காலை ஆறு மணிதான் ராத்திரி. அமெரிக்கத் தேர்தல் முடிவுகளும் நமக்குக் காலையில்தான் வருகின்றன. 'கருத்து வணிகம்' தன் வரம்பில் வராது, அதில் முதலீட்டாளருக்குப் பாதுகாப்பு இல்லை என்று 2025 ஏப்ரலில் செபி எச்சரித்தது. அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்தது. புரோபோ கடையை மூடியது. கிரிப்டோவில் ஓடுவதற்கு இங்கே கடையே இல்லை, மூடுவதற்கு.

அதனால் தடை போதும் என்று நான் நினைக்கவில்லை. தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஆடினவருக்கே மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. மத்தியச் சட்டம் ஆடுபவரைத் தண்டிக்கவில்லை. தோற்றவர் காவல் நிலையத்துக்குப் போனால் தானே குற்றவாளி என்று பயந்தால் யார் புகார் கொடுப்பார்கள்? அறிமுகமில்லாதவரிடம் கிரிப்டோ வாங்கி, விற்று, வங்கிக் கணக்கு முடங்கிப்போனாலும் வாயைத் திறக்கமாட்டார்கள். அந்தப் பிரிவை எடுத்துவிட்டு, நடத்துபவர் மீதும் விளம்பரம் செய்பவர் மீதும் கைவைக்கட்டும். சிப்காட்டில் தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் புகார் கேட்க ஓர் ஆள் உட்காரட்டும்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. 'சந்தை இன்று 62 சதவீதம் என்கிறது' என்று கட்டுரைகளில் எழுதுவதை நிறுத்துவோம். 'பந்தயம் கட்டுபவர்கள் இன்று இப்படிக் கட்டியிருக்கிறார்கள்' என்று எழுதலாமே. குறளில் இதற்கு ஓர் அதிகாரமே இருக்கிறது, அதன் தலைப்பு ஒரே சொல்: சூது. அதற்குப் பதில் வேறு சொல் தேடித் தருபவர் யாராக இருந்தாலும், அந்தச் சொல்லால் யாருக்கு லாபம் என்று முதலில் கேளுங்கள்.