கண்ணாடியைக் கண்ணாடின்னு சொன்னா என்ன குறைஞ்சு போச்சு?

ஔவைக்கு நெல்லிக்கனி குடுத்த அதியமானோட ஊர் தருமபுரி. இப்ப இங்க கண்ணாடியைக் குடுத்துட்டுக் 'கல்லு'ங்கறாங்க மக்களே! கொஞ்சம் சூடாத்தான் எழுதறேன், பொறுத்துக்கோங்க.

எங்க சித்தி ஒரு டாலர் வாங்கியாந்தாங்க. நேரா பார்த்தா மயில் நீலம், சாய்ச்சா ஊதா. "ஒரிஜினல் ஓபல் கல்லாம்டா, ராசிக்கு நல்லதாம்." விலை மூவாயிரத்துச் சொச்சம். ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சேன், உள்ளாற மஞ்சளா தெரியுது. சாட்சாத் டைக்ரோயிக் கண்ணாடி. நான் பொழுதுபோக்கா உருக்கற அதே சரக்கு!

விலை மேல எனக்குக் கோபமே இல்லை. செஞ்சவனுக்கு மூவாயிரம் தாராளமா குடுக்கலாம். அவன் வேலையை மறைச்சு, ஏதோ மலைக்குள்ள தானா வெளஞ்ச மாதிரி கதை விடறாங்களே, அதான் எரியுது.

இதுல என்ன வேலைன்னு கேப்பீங்க. காத்தை உறிஞ்சி எடுத்த அறைக்குள்ள டைட்டானியம், சிலிக்கான் ஆக்சைடுகளை ஆவியாக்கி, கண்ணாடி மேல அடுக்கடுக்காப் படிய விடுவாங்க. அத்தனை அடுக்கும் சேர்ந்தே தலைமுடி தடிமன்ல ஏறக்குறைய நூத்துல ஒரு பங்குதான். சாயம் சொட்டுக் கூட கிடையாது. மழைத் தண்ணியில டீசல் சிந்தினா பஸ் ஸ்டாண்டுல வானவில் தெரியுமே, அதே சூத்திரம். ஒரு நிறத்தைத் திருப்பி அனுப்பும், மிச்சத்தை உள்ளே விடும்.

அந்தத் தகட்டை வாங்கி, வெட்டி, மேல தெளிவான கண்ணாடி வச்சு, சூளையில சுமார் 800 டிகிரிக்கு ஏத்தணும். அப்புறம் 500 டிகிரி பக்கம் நிறுத்தி, ராவெல்லாம் மெதுவா ஆற விடணும். (நடுவுல கரண்ட் போச்சுன்னா குலதெய்வத்தைக் கூப்பிட வேண்டியதுதான்.) விரிவு எண் 90 உள்ள கண்ணாடியோட 96ஐச் சேர்த்தா விரிசல் விடும், சில சமயம் நாலு நாள் கழிச்சுக் கூட. இவ்வளவு பாடு பட்டதைக் 'கல்லு'ன்னு வித்தா, உருக்கினவன் எங்கய்யா போனான்?

டைக்ரோயிக் மட்டுமில்லை. மினுமினுன்னு தங்கத்தூள் மாதிரி இருக்கே 'கோல்ட்ஸ்டோன்', அது செம்புத் துகள் உள்ள கண்ணாடி. இத்தாலிக்காரன் 17ஆம் நூற்றாண்டுலயே செஞ்சது. 'ஓபலைட்'டும் கண்ணாடிதான். பேர்லயே கல்லை ஒட்ட வச்சுட்டாங்க பாருங்க.

"கண்ணாடின்னு சொன்னா எவன் வாங்குவான்?" இது ஒரு வியாபாரி நண்பர் கேட்டது. உலகமே வாங்குச்சுங்க! 1945ல வீலர் தோண்டின அரிக்கமேட்டுல, கண்ணாடியைக் குழலா இழுத்து நறுக்கி மணி பண்ணியிருக்காங்க. அந்த வகை மணிகளுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்'னு பேர் வச்சவர் பீட்டர் பிரான்சிஸ். தென்கிழக்கு ஆசியாவுல இருந்து ஆப்பிரிக்கா வரைக்கும் கிடைக்குது. ஆந்திராவுல பாப்பாநாயுடுபேட்டையில அதே மாதிரி இழுத்துச் செய்யற வித்தை போன நூற்றாண்டு கடைசி வரைக்கும் நடந்ததையும் அவர் பதிவு பண்ணியிருக்கார். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல ஒரு ரோமானியக் கோப்பை இருக்கு, 4ஆம் நூற்றாண்டு. வெளியில வெளிச்சம் பட்டா பச்சை, உள்ள விளக்கு வச்சா சிவப்பு. அதுவும் கண்ணாடிதான், கோடி குடுத்தாலும் தர மாட்டாங்க.

ஏமாத்தறதும் பழசுதான், ஒத்துக்கறேன். இந்தியர்கள் படிகத்துக்குச் சாயம் ஏத்தி ரத்தினம்னு விக்கறாங்கன்னு முதல் நூற்றாண்டுலயே பிளினி புலம்பியிருக்கார். அந்தப் பாரம்பரியத்தையா காப்பாத்தணும்?

வாங்கறவங்களுக்கு: வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. மேலே தெரியற நிறம் ஒண்ணு, ஊடுருவி வர்ற நிறம் இன்னொண்ணுன்னா சந்தேகப்படுங்க. லென்ஸ் வச்சு உருண்டையா காத்துக் குமிழி இருக்கான்னு பாருங்க. பில்லுல 'இயற்கைக் கல்'னு எழுதித் தரச் சொல்லுங்க. எங்க சித்திக்கு எழுதித் தர மாட்டேன்னுட்டாங்க. பணமும் திரும்பி வரலை.

டிஸ்கி: ராசிக்கல் நிஜமா பொய்யான்னு இங்க ஆரம்பிக்காதீங்க சாமி. அதுக்குத் தனியா ஒரு நாள் சண்டை வச்சுக்கலாம்.