கலவாய்க்குப் பொய்மீன் இழுக்கும் தம்பிமாருக்கு



வாடைக் காற்று ஓய்ந்து கடல் அடங்கிவிட்டது. மூதூரிலும் கிண்ணியாவிலும் லீவு நாட்களில் கடலுக்குப் போகும் இளைஞர்கள் கூடியிருக்கிறார்கள். கொட்டியாரக் குடாவைத் தாண்டி வெளிக்கடலுக்குப் போய், படகை மெதுவாக ஓடவிட்டு, பின்னால் பொய்மீன் கட்டிய தூண்டிலை இழுத்துக் கலவாய் பிடிக்கிறார்கள். முகநூலைத் திறந்தால் தூக்க முடியாத அளவு கலவாயோடு எங்கள் பழைய மாணவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். பார்க்கச் சந்தோசமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஊரில் படிப்பிக்கிற நாங்கள் சில விடயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "ட்ரோலிங்" என்று கேட்டதும் பெரியவர்கள் சிலர், "அது தடை செய்த தொழில் அல்லவா?" என்கிறார்கள். 2017 இல் கடற்றொழில் சட்டத்தைத் திருத்தித் தடை செய்தது இழுவைமடியை. கடலடியைச் சுரண்டி, குஞ்சு, முட்டை, பாசி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும் வலை அது. இந்தப் பிள்ளைகள் செய்வது வேறு. ஒரு தங்கூசி, ஒரு பொய்மீன், வந்தால் ஒரு மீன். ஆங்கிலத்தில் இரண்டு பெயரும் ஒரே மாதிரி ஒலிப்பதால் வந்த வினை இது. தம்பிமாரைக் குற்றவாளிகளாகப் பார்க்க வேண்டாம்.

ஆனால் தடை இல்லை என்பதற்காக, பிடித்ததெல்லாம் சரி என்று ஆகிவிடாது. கலவாய் சூரையைப் போலவோ அறுக்குளாவைப் போலவோ ஓடித் திரியும் மீன் அல்ல. அது பாரோடு கிடக்கும். ஒரு பொந்தைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இரை வந்தால் பாய்ந்து எடுத்துவிட்டுத் திரும்பவும் பொந்துக்குள் போகும். சூரைக்கு இழுப்பது போல வேகமாகவும் மேல்மட்டத்திலும் இழுத்தால் கலவாய் திரும்பியும் பார்க்காது. மணிக்கு 5 முதல் 9 கிலோமீற்றர் வேகத்தில், பொய்மீன் பாருக்கு மிக அருகில் போகும்படி இழுக்க வேண்டும். முன்னால் அகன்ற பிளாஸ்டிக் நாக்கு வைத்த பொய்மீன்களில் நல்லவை 6 முதல் 9 மீற்றர் வரை தானாகவே முக்குளிக்கும். அதற்குக் கீழே போக ஈயம் வேண்டும். கடித்தவுடன் படகை நிறுத்தினால் மீன் பொந்துக்குள் புகுந்துவிடும், தங்கூசி பாரில் அறுந்துவிடும். இதெல்லாம் தம்பிமாருக்கு எங்களை விட நன்றாகத் தெரியும்.

அப்படியானால் யோசித்துப் பாருங்கள். இருக்கும் இடத்தை விட்டுப் போகாத மீன் அது. அந்த இடம் ஜிபிஎஸ்ஸில் பதிவாகி இருக்கிறது. பொய்மீன் அதன் வாசலாலேயே போகிறது. சூரைக் கூட்டம் இன்று இங்கே, நாளை வேறெங்கோ. கலவாய்க்குப் போக இடமில்லை. ஒரு பாரைத் திரும்பத் திரும்ப உழுதால் அந்தப் பார் வெறுமையாகும். அது மறுபடி நிறைய வருடங்கள் எடுக்கும், ஏனென்றால் கலவாய் மெதுவாக வளரும் மீன்.

இன்னொன்று, விஞ்ஞான பாடத்தில் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். பெரும்பாலான கலவாய் இனங்கள் முதலில் பெண்ணாகவே முட்டையிடும் வயதுக்கு வருகின்றன. பல வருடங்கள் கழித்து, பெரிதாக வளர்ந்தவற்றில் சில ஆணாக மாறுகின்றன. ஆகவே படத்துக்குத் தூக்கிப் பிடிக்கும் மிகப் பெரிய கலவாய் பெரும்பாலும் ஆண். அந்தப் பாரில் அப்படி ஒன்றிரண்டுதான் இருக்கும். மெக்சிக்கோ வளைகுடாவில் காக் என்ற கலவாய் இனத்துக்கு இதுதான் நடந்தது. பெரியவற்றைத் தேடித் தேடிப் பிடித்ததில், 1970களில் இருந்ததை விட ஆண் மீன்களின் பங்கு மிகவும் குறைந்துபோனது. பெண் மீன் எத்தனை இருந்தும் ஆண் இல்லாவிட்டால் முட்டை குஞ்சாகாது.

பெரிய பொய்மீனைப் பெரிய மீன்தான் அடிக்கும். நாங்கள் பெருமையாக நினைக்கும் திறமையே கலவாயின் அடுத்த தலைமுறையைக் குறைக்கக்கூடியது என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

"டைனமைட் போடுகிறவனை விட்டுவிட்டுத் தூண்டில்காரனிடம் வந்து கணக்குக் கேட்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெடிவைத்துப் பிடிப்பது 1996 ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டத்திலேயே தடை. அதற்கு எதிராகப் பேசத்தான் வேண்டும். ஆனால் அதை யார் பேசினால் எடுபடும்? தன் பாரைத் தானே பாதுகாக்கிறவன் பேசினால் எடுபடும். வலைக்காரனுக்கும் வெடிக்காரனுக்கும் எந்த மீனைக் கொல்வது என்று தெரிவு செய்ய முடியாது. தூண்டில்காரனுக்கு முடியும். அந்தத் தெரிவு கையில் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விட்டால், எங்களுக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

"எண்ணெய்க் காசாவது வர வேண்டாமா?" என்பது இரண்டாவது கேள்வி. இதையும் தட்டிக்கழிக்க முடியாது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாய்க்கு ஏறியதை எந்தக் கடற்றொழில் குடும்பமும் மறக்கவில்லை. கடலை நம்பி அடுப்பெரிக்கிற காக்காமாரிடம் ஒரு மீனை விட்டுவிடுங்கள் என்று சொல்வது லேசான பேச்சல்ல. அதனால்தான் முதலில் லீவு நாளில் பொழுதுபோக்காகப் போகிறவர்களைக் கேட்கிறோம். அவர்களுக்கு அந்த மீன் ஒரு படம். தொழிலுக்குப் போகிறவருக்கு அந்தப் பார் அடுத்த வருடச் சோறு.

"நாங்கள் விட்டால் வேறு ஊர்க்காரன் பிடிப்பான்" என்பது மூன்றாவது. சிலவேளை பிடிப்பான். ஆனால் கேமன் தீவுகளைப் பாருங்கள். அங்கே நசாவ் கலவாய் முட்டையிடக் கூடும் ஓர் இடத்தை 2001 இல் மீனவர்கள் கண்டார்கள். இரண்டே பருவத்தில் அதில் பெரும்பகுதியைப் பிடித்து முடித்தார்கள். 2003 இல் அந்த இடத்தில் பிடிப்பதைத் தடுத்தார்கள். ஆரம்பத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் பொறுமையாகக் காத்ததில் மீன் தொகை மூன்று மடங்குக்கு மேல் கூடியதாக 2020 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பக்கத்து மாலைதீவும் 2012 இல் கலவாய்க்குக் குறைந்தபட்ச அளவு விதித்தது. யாராவது முதலில் தொடங்கத்தான் வேண்டும்.

எங்கள் யோசனைகள் நான்கு. சங்கத்திலும் பள்ளிவாசல் முற்றத்திலும் பேசி மாற்ற வேண்டியதை மாற்றலாம்.

ஒன்று, பெரிய கலவாய் இனங்களில் ஒரு முழத்துக்குக் குறைந்ததையும் இரண்டு முழத்துக்கு மேற்பட்டதையும் விடுவது. நடுவில் உள்ளது வீட்டுக்கு.

இரண்டு, பொழுதுபோக்குப் படகுக்கு ஒரு பயணத்தில் இரண்டு கலவாய் போதும். அதற்குப் பிறகு பாரை விட்டு வெளியே போய்ச் சூரைக்கும் பாரைக்கும் இழுங்கள்.

மூன்று, வயிறு நிறைய முட்டையோடு மீன்கள் கூட்டமாகக் கிடைக்கத் தொடங்கினால் அந்த இடத்தை அந்தப் பருவம் முழுக்க விடுவது. கலவாய் முட்டையிடக் கூடுவது குறிப்பிட்ட சில இடங்களில், பெரும்பாலும் பிறையைப் பார்த்துத்தான். அப்படி ஓர் இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியை முகநூலிலோ வட்ஸ்அப்பிலோ போடுவது அந்த இடத்தை ஏலம் போடுவதற்குச் சமம்.

நான்கு, விடுவதென்றால் ஒழுங்காக விடுவது. 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேற்பரப்பை விட இரண்டு மடங்கு, 30 மீற்றரில் நான்கு மடங்கு. போயிலின் விதி படித்த பிள்ளைகளுக்குப் புரியும். ஆழத்திலிருந்து இழுத்து எடுத்த மீனின் காற்றுப்பை ஊதி, இரைப்பை வாய்க்கு வெளியே வந்துவிடும். அதைக் காற்றுப்பை என்று நினைத்துக் குத்தாதீர்கள். அப்படியே தண்ணீரில் போட்டாலும் மீன் மிதந்து செத்துவிடும். ஈயம் கட்டிய கயிற்றிலோ, கவிழ்த்துப் பிடித்த கூடையிலோ கீழே கொண்டுபோய் விட்டால் காற்று சுருங்கி மீன் நீந்திப் போகும். ஆழம் குறைந்த பாரில், மூன்று முள்ளுத் தூண்டிலைக் கழற்றிவிட்டு ஒற்றைத் தூண்டில் போட்டு இழுத்தால் இந்த வேலையே பாதி குறையும்.

எங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு வேலையை ஏற்றுக்கொள்கிறோம். கரைக்கு வரும் கலவாய்களின் நீளத்தை அளந்து ஒரு கொப்பியில் எழுதப் பிள்ளைகளைப் பழக்குவோம். எந்த இனம், எத்தனை சென்றிமீற்றர், எந்த மாதம். இடம் கேட்கமாட்டோம். நாலைந்து வருடம் எழுதினால் மீன் சிறுத்து வருகிறதா, அப்படியே இருக்கிறதா என்று ஊரே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வெளியிலிருந்து யாரும் வந்து சொல்லும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

கடைசியாக, லைஃப் ஜக்கட் இல்லாமல் வெளிக்கடலுக்குப் போகாதீர்கள். போகும் திசையை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பெரிய கலவாயைப் படகருகே வைத்து ஒரு படம் எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். அந்தப் படத்தைப் போடுங்கள், முதல் லைக் எங்களுடையது.

மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். கடலில் நிற்கிறவர்கள் எழுதினால் இன்னும் நல்லது.