அசையாத கேமராவின் பின்னால் நின்றவர்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

கலைகளுள் வயதில் இளையது திரைக்கலை. ஆனால் அங்கே புகழைப் பங்கிடும் முறை மிகப் பழையது. பந்தியில் முதல் இலை நடிகருக்கு. அடுத்த இலை இயக்குநருக்கு. விளக்கை எங்கே வைப்பது, எந்த லென்ஸைப் பூட்டுவது, கேமராவை எத்தனை அடி உயரத்தில் நிறுத்துவது என்று கணக்கிட்டு, நாம் காணும் ஒவ்வொரு பிம்பத்தையும் ஒளியால் எழுதித் தந்தவர் பெரும்பாலும் பந்திக்கு வெளியேதான் நிற்கிறார். அவர் பெண்ணாகவும் இருந்துவிட்டால்? அதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

லண்டனிலிருந்து வெளிவரும் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை உலகெங்கும் உள்ள திரைப்பட விமர்சகர்களிடம் வாக்குப் பெற்று, மிகச் சிறந்த படங்களின் பட்டியலை வெளியிட்டு வருகிறது. 1962 தொடங்கி 2002 வரை அதில் அசையாமல் முதலிடத்தில் வீற்றிருந்தது 'சிட்டிசன் கேன்'. 2012இல் 'வெர்டிகோ' அதனை இறக்கியது. 2022ஆம் ஆண்டு 1,600க்கும் மேற்பட்டோர் வாக்களித்தபோது யாரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. ஒரு பெல்ஜிய வீட்டுச் சமையலறையைச் சுற்றியே நடக்கும் 'ழான் டீல்மன்' என்ற 1975ஆம் ஆண்டுப் படம் முதலிடம் பெற்றது. பெண் ஒருவர் இயக்கிய படம் அவ்விடத்தை எட்டியது அதுவே முதல் முறை. இயக்கியவர் ஷாந்தால் அகெர்மான். அவர் 2015இலேயே மறைந்துவிட்டதால் இச்செய்தியைக் கேட்க இல்லை. செய்தித்தாள்கள் அவர் பெயரைப் போற்றின. போற்றத்தான் வேண்டும். ஆனால் அப்படத்தின் ஒளிப்பதிவாளர் யார் என்று கேட்டால் விடை சொல்வோர் எத்தனை பேர்?

பாபெத் மாங்கோல்ட் என்பது அவர் பெயர். 1941இல் பிரான்சில் பிறந்தவர். பாரிசில் இருந்த தேசிய ஒளிப்பட, திரைப்படப் பள்ளியில் 1964இல் சேர்ந்தார். அப்பள்ளியில் இடம் பெற்ற முதற்பெண்கள் சிலருள் ஒருவர். இந்த ஆண்டுக் கணக்கைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். லூமியேர் சகோதரர்கள் பாரிசில் பொதுமக்களுக்குச் சலனப்படம் காட்டியது 1895இல். சினிமா பிறந்த மண்ணிலேயே, அது பிறந்து ஏறத்தாழ எழுபது ஆண்டு கழிந்த பின்னும், கேமரா கற்க வந்த பெண் எண்ணி எடுக்கத்தக்க சிலருள் ஒருத்தி! படம் பார்க்கக் கொட்டகையில் பாதி இடம் பெண்ணுக்கு உண்டு. படம் பிடிக்கும் கருவியைத் தொடத்தான் இத்தனை தயக்கம்.

1970இல் அவர் நியூயார்க் சென்றார். அங்கே பெரிய படக்கம்பெனி எதுவும் அவருக்காகக் காத்திருக்கவில்லை. நடனக்காரர், ஓவியர், நாடகக்காரர் எனக் கையில் காசில்லாத கலைஞர் கூட்டமே அவருடைய உலகமாயிற்று. நடனக் கலைஞர் இவான் ரெய்னரின் 'லைவ்ஸ் ஆஃப் பெர்ஃபார்மர்ஸ்' (1972) படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். 1973இல் த்ரிஷா பிரவுன் தம் ஆட்டக்காரர்களை நகரத்து மொட்டை மாடிகளில் ஆளுக்கொரு கூரையாக நிறுத்தி, ஒருவர் அசைவை அடுத்தவர் வாங்கி அதற்கடுத்தவருக்குக் கடத்துமாறு ஆடச் செய்தார். அந்த ஆட்டம் இன்று பலருக்கும் தெரிவது பாபெத் எடுத்த ஒரு கருப்பு வெள்ளைப் புகைப்படத்தால்தான். ஆட்டம் முடிந்துவிட்டது. படம் ஐம்பது ஆண்டாக நிற்கிறது.

பெல்ஜியத்திலிருந்து வந்த அகெர்மானை அவர் சந்தித்ததும் நியூயார்க்கில்தான், 1971இல். அகெர்மானுக்கு அப்போது இருபத்தொரு வயது. பாபெத் அவரைவிட ஒன்பது ஆண்டு மூத்தவர். மைக்கேல் ஸ்னோ முதலியோரின் சோதனைப் படங்களுக்கு அவரை அழைத்துச் சென்றவர் பாபெத். நம்மூர்க் கணக்கில் சொன்னால் ஓர் அக்காள் தங்கைக்கு நூலகத்தைக் காட்டித் தந்தாற்போல. மறு ஆண்டே இருவரும் இரண்டு படங்கள் எடுத்தனர். ஒன்று 'லா ஷாம்ப்ர்'. சிறு அறை ஒன்றின் நடுவே கேமரா மெல்லச் சுழல்கிறது. நாற்காலி, அடுப்பு, மேசை, கட்டிலில் ஒரு பெண், மீண்டும் நாற்காலி. அவ்வளவே. நீளம் 11 நிமிடம். ஏன் 11? பதினாறு மில்லிமீட்டர் பிலிம் நொடிக்கு 24 சட்டம் வீதம் ஓடினால் நிமிடத்திற்கு 36 அடி தீரும். 400 அடிச் சுருள் 11 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருள் எவ்வளவோ கலையும் அவ்வளவு! இக்கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, நம் ஆய்வகத்தில் செய்முறை ஒன்றுக்கு விடை சரியாக வந்த மகிழ்ச்சியே எனக்கு உண்டாயிற்று. மற்றொன்று 'ஹோட்டல் மாண்டெரி'. ஒரு மலிவு விடுதியின் தாழ்வாரங்களையும் மின்தூக்கியையும் ஒரே இரவில் சுற்றி எடுத்த ஒலியற்ற படம்.

இந்தப் பயிற்சிக்குப் பிறகு வந்ததே 'ழான் டீல்மன்'. பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரு சிறு குடியிருப்பு. ழான் ஒரு கைம்பெண். பள்ளி செல்லும் வயதில் ஒரு மகன். அவளுடைய மூன்று நாள் வாழ்க்கையைப் படம் 201 நிமிடம் காட்டுகிறது. உருளைக்கிழங்கு உரிக்கிறாள். செருப்புக்கு மெருகு போடுகிறாள். கட்டிலை மடித்து வைக்கிறாள். நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துலக்குகிறாள். பிழைப்புக்காகப் பிற்பகலில் ஓர் ஆடவன் வந்து போகிறான். அவன் தந்த பணம் மேசை மேலுள்ள மூடியிட்ட பீங்கான் பாத்திரத்துள் போகிறது. முதல் நாள் எல்லாம் அச்சுப் பிசகாமல் நடக்கின்றன. இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துவிடுகிறது. குழைந்த கிழங்கோடு பாத்திரத்தைக் கையில் ஏந்தி அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் அறைக்கு அறை நடக்கிறாளே, அதைக் கண்டபோது எனக்கு உள்ளூர அச்சம் உண்டாயிற்று. மூன்றாம் நாள் முடிவில் ஒரு கொலை நிகழ்கிறது. பீடிகை இல்லை, பின்னணி இசை இல்லை.

இப்படத்தைக் கைப்பேசியில், மூன்று நாள் கதையை மூன்று இரவாகப் பங்கிட்டுப் பார்த்தேன். முதல் இரவு உடன் பார்த்த விடுதித் தோழி ஒருத்தி, "என்னடி இது, கேமராவை நட்டு வெச்சிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போயிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போனாள். அவள் கேள்வி நியாயமான கேள்வி. கேமரா படம் முழுதும் ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை. முகத்தருகே போய்க் கண்ணீரைக் காட்டுவதில்லை. அப்படியானால் ஒளிப்பதிவாளருக்கு அதில் என்ன வேலை?

என் கருத்து இதுதான்: கேமரா ஓடும்போது ஒளிப்பதிவாளரின் குறை மறைந்துவிடும். நின்றால் மறைக்க இடமில்லை. ஒரு காட்சி ஐந்து நிமிடம் அசையாது நிற்குமானால் அதன் மூலை முடுக்கெல்லாம் பார்ப்பவன் கண்ணுக்கு இரையாகும். சுவரின் ஓடுகள், மேசை விரிப்பின் மடிப்பு, அடுப்பின் மேல் விழும் வெளிச்சம் எதுவும் தப்பாது. அதனால்தான் ஒவ்வொரு சட்டகமும் எதிர்நோக்கி நேராக, ஏட்டில் கோடிட்டாற்போல் அமைந்திருக்கிறது. கேமரா நிற்கும் உயரமும் சற்றுத் தாழ்ந்ததே. உயரம் குறைந்த அகெர்மானின் கண்மட்டம் அது என்பார்கள். அந்த மட்டத்திலிருந்து பார்க்கையில் நாம் அவளை மேலிருந்து இரங்கிப் பார்ப்பதில்லை. மேசைக்கு எதிரே உட்கார்ந்து பார்க்கிறோம்.

விளக்கு விஷயம் இன்னும் சுவையானது. ழான் சிக்கனக்காரி. ஓர் அறையை விட்டுப் போகும்போதெல்லாம் சுவிட்சை அணைத்துவிட்டே போவாள். கேட்க எளிது. அந்நாளைய வண்ணப் பிலிமின் உணர்திறன் குறைவு. வீட்டுப் பல்பின் ஒளி அதற்குப் போதாது. வெளியே மறைத்து வைத்த படப்பிடிப்பு விளக்கும் அவள் விரல் படும் அதே கணத்தில் அணைந்தாக வேண்டும். மறு அறையில் அதே கணத்தில் எரிந்தாக வேண்டும். அப்படியும் அங்கே விளக்கு வைத்திருப்பதே நமக்குத் தெரியக்கூடாது. இரவில் வரவேற்பறைச் சுவரில் தெருவிளம்பரத்தின் நீல ஒளி விட்டுவிட்டு மின்னுகிறது. கடைசிக் காட்சியில், நடக்கக்கூடாதது நடந்த பின், ழான் இருட்டில் மேசையருகே ஏறத்தாழ ஏழு நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். நடித்த டெல்ஃபின் சேரிக்கின் முகத்தில் அந்த நீலம் வந்து வந்து போவதைத் தவிர அங்கே வேறெதுவும் இயங்குவதில்லை. அதை டீ குடிக்கப் போனவர் செய்தார் என்று சொல்ல முடியுமா?

நான் இயக்குநரின் மாலையைப் பறித்து ஒளிப்பதிவாளர் கழுத்தில் போடச் சொல்லவில்லை. அப்படம் அகெர்மானின் கனவு, அவர் எழுதியது, தம் தாய், சிற்றன்னையர் வேலை செய்யப் பார்த்து வளர்ந்த கண் அவருடையது. ஆனால் கனவு பிலிமில் தானாகப் பதியாது. 201 நிமிடம் என்றால் 2,89,440 சட்டங்கள். அத்தனையையும் வேதியியலுக்கும் ஒளியியலுக்கும் கட்டுப்பட்டு ஒருவர் பொறுப்பேற்றுப் பிடித்தாக வேண்டும். படக்குழுவில் பெரும்பாலோர் பெண்களாகவே இருக்க வேண்டும் என்று அகெர்மான் உறுதியாக இருந்தார். அன்று அப்படித் தேடியபோது கேமராவுக்குப் பின் நிற்கப் பயின்ற ஒரு பெண் இருந்தாரே, அது 1964ஆம் ஆண்டின் பயன் அன்றோ?

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் அம்மா விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பகலில் களை எடுக்கப் போய், திரும்பி வந்து மறுபடியும் அடுப்புக்கு முன் நிற்பவர். சேர்க்கைப் படிவத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் அவர் சொன்னது, "ஒண்ணுமில்லேன்னு எழுதும்மா." அந்த 'ஒண்ணுமில்லே'யை மூன்றரை மணி நேரம் கண் எடுக்காமல் பார்த்து, உலகப் படங்களின் வரிசையில் முதலில் கொண்டுபோய் வைத்த கேமரா இது. ஆகவேதான் அது அசையாததில் எனக்குக் குறை தோன்றவில்லை. அடுப்படியில் நிற்பவளை இதுவரை எத்தனை படங்கள் காட்டியிருக்கின்றன! அவள் தாளிக்கத் தொடங்கியதும் வெட்டிக் கதாநாயகனிடம் போய்விடும். வேலை முடியும்வரை அவளோடு நின்ற கேமராக்கள் அரிது.

பாபெத்தின் வாழ்க்கை அப்படத்தோடு நின்றுவிடவில்லை. 1976இல் மீண்டும் அகெர்மானுக்காக 'நியூஸ் ஃப்ரம் ஹோம்' படத்தில் பணியாற்றினார். நியூயார்க் தெருக்களும் சுரங்க ரயிலும் காட்சியாக ஓட, ஊரிலிருந்து தாய் எழுதிய கடிதங்களை மகளின் குரல் வாசிக்கிறது. ரயில் இரைச்சலில் கடிதம் பாதி கேட்காமலே போகும். விடுதியில் இருந்துகொண்டு வீட்டிலிருந்து வரும் அழைப்பைச் சந்தடி நடுவே கேட்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1977இல் புகைப்படம் எடுப்பதையே பொருளாக்கித் தாமே ஒரு படம் இயக்கினார். 'தி ஸ்கை ஆன் லொகேஷன்' (1982) படத்தில் அமெரிக்க மேற்குப் பகுதியின் வானையும் நிலத்தையும் பருவந்தோறும் மாறும் நிறத்தோடு பதிந்தார். பின்னர் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பல ஆண்டு ஆசிரியப் பணியும் செய்தார்.

இயற்பியல் தோழர்கள் தவறாமல் பார்க்க வேண்டியது 'வாட்டர் மோட்டார்' (1978). த்ரிஷா பிரவுன் தனியே ஆடும் குறு நடனம். பாபெத் அதை முதலில் நொடிக்கு 24 சட்டத்திலும், மீண்டும் ஆடச் செய்து 48 சட்டத்திலும் எடுத்து, இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். 48இல் எடுத்ததை 24இல் ஓட்டினால் காலம் இரட்டிக்கிறது. முதல் முறை கண்ணில் பட்டும் படாமலும் போன தோள்பட்டையின் ஒரு குலுக்கல், இரண்டாம் முறை முழங்கால்வரை பரவுவது தெரிகிறது. ஒரு சட்டத்திற்குக் கிடைக்கும் ஒளியோ பாதிதான். அதை ஈடுகட்டத் துவாரத்தை ஒரு படி திறக்க வேண்டும், அல்லது விளக்கைக் கூட்ட வேண்டும். கலையா அறிவியலா என்று நம் பட்டிமன்றங்களில் ஆண்டுதோறும் தொண்டை வறளப் பேசுகிறோம். அத்தலைப்பைக் கேட்டால் அந்த அம்மையாருக்குச் சிரிப்புத்தான் வரும்.

அதே 2022ஆம் ஆண்டுப் பட்டியலில் ஏழாம் இடத்தில் இருப்பது கிளேர் டெனி இயக்கிய 'போ த்ரவாய்' (1999). அதற்கு ஒளிப்பதிவு ஆக்னெஸ் கோதார் என்ற மற்றொரு பிரெஞ்சுப் பெண். (புகழ்பெற்ற இயக்குநர் கோதாருக்கு இவர் உறவில்லை, அந்தப் பெயரைக் கேட்டாலும் முதலில் நினைவுக்கு வருவது அந்த ஆடவர்தான்.) அப்பணிக்காக 2001இல் பிரான்சின் செசார் விருதும் பெற்றார். முதல் பத்துப் படங்களில் இரண்டைப் படம் பிடித்தவர்கள் பிரெஞ்சுப் பெண்கள். கேமரா கனமான கருவி, பெண்ணுக்குத் தோள் தாங்காது என்போர், வயலில் நெற்கட்டுச் சுமக்கும் பெண்களைக் கண்டதில்லை போலும்.

நம் கல்லூரித் திரைப்பட மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டில் 'ழான் டீல்மன்' படத்தைத் திரையிடுங்கள். நீளம்தான், நடுவில் ஓர் இடைவேளை விடலாம், தூங்குவோர் தூங்கட்டும். அறிவிப்புப் பலகையில் வழக்கம்போல் படத்தின் பெயரும் இயக்குநர் பெயரும் எழுதிய பின், அதன் கீழே 'ஒளிப்பதிவு: பாபெத் மாங்கோல்ட்' என்று அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். சாக்கட்டி நான் கொண்டு வருகிறேன்.