சராசரியில் குடியிருக்க முடியாது

எந்த நகரில் வீட்டு விலை எவ்வளவு உயர்ந்துள்ளது என்பதைக் கணிக்க, தேசிய வீட்டுவசதி வங்கி 2007-ஆம் ஆண்டில் 'ரெசிடெக்ஸ்' என்ற குறியீட்டை அறிமுகப்படுத்தியது. ரிசர்வ் வங்கியும் தனியாக ஒரு வீட்டு விலைக் குறியீட்டைக் காலாண்டுதோறும் வெளியிடுகிறது. இவ்வளவு இருந்தும், மாதச் சம்பளக்காரர் வீடு வாங்குவதற்குத் தில்லி ஏற்றதா, மும்பையா, கான்பூரா என்ற எளிய கேள்விக்கு நம்பத்தகுந்த விடை கிடைப்பதில்லை.

குறியீடு விலையேற்றத்தின் வேகத்தைக் காட்டுமே தவிர, விலையைக் காட்டாது. ஒவ்வொரு நகருக்கும் அடிப்படை ஆண்டின் விலை 100 என்றே கொள்ளப்படுகிறது. கான்பூரின் குறியீடு மும்பையினுடையதைவிடக் கூடுதலாக இருந்தால், அங்கு விலை வேகமாக ஏறியிருக்கிறது என்றுதான் பொருள். மும்பையைவிட அங்கு வீடு விலை அதிகம் என்று பொருளல்ல.

நகரத்தின் சராசரி விலையை எடுத்துக்கொண்டாலும் தெளிவு பிறக்காது. தில்லியில் குடியிருப்புப் பகுதிகள் 'ஏ' முதல் 'எச்' வரை எட்டு வகைகளாகப் பிரிக்கப்பட்டு, நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பு நிர்ணயிக்கப்படுகிறது. 2014-இல் அறிவிக்கப்பட்ட மதிப்பின்படி, கோல்ஃப் லிங்க்ஸ், வசந்த் விஹார் போன்ற முதல் வகைப் பகுதிகளில் ஒரு சதுர மீட்டர் நிலம் ரூ. 7.74 லட்சம்; கடைசி வகையில் ரூ. 23,280. ஒரே நகருக்குள் 33 மடங்கு வேறுபாடு! இவ்விரண்டின் சராசரியில் யாரும் குடியிருப்பதில்லை.

இந்த வேறுபாடுகளைக் கருதாத அரசின் முடிவுகள் சாமானியரைப் பாதிக்கின்றன. 2019-இல் குறைந்த விலை வீடுகளுக்கான ஜி.எஸ்.டி. 1 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, பரப்பளவு வரம்பு பெருநகரங்களுக்கு 60 சதுர மீட்டர் என்றும், பிற இடங்களுக்கு 90 சதுர மீட்டர் என்றும் வகுக்கப்பட்டது. விலை வரம்போ நாடெங்கும் ஒரே மாதிரியாக ரூ. 45 லட்சம். கான்பூரில் அத்தொகைக்கு ஒரு குடும்பம் வசதியாக வாழ வீடு கிடைக்கும். மும்பையில் வேலை பார்ப்பவரோ, அந்த விலையில் வீடு தேடி விரார், பத்லாபூர் என்று போய், நாள்தோறும் மணிக்கணக்கில் ரயிலில் பயணிக்க வேண்டும். சலுகை இருவருக்கும் ஒன்றுதான், பயன் ஒன்றல்ல.

ஒப்பீட்டுக்கான அடிப்படையே பழுதுபட்டிருப்பது இன்னொரு சிக்கல். ரிசர்வ் வங்கியின் குறியீடு பத்திரப்பதிவு விவரங்களைச் சார்ந்தது. ஆனால், வழிகாட்டி மதிப்பை ஒட்டிய தொகையைப் பத்திரத்தில் காட்டிவிட்டு, மீதியைக் கறுப்புப் பணமாகக் கைமாற்றும் வழக்கம் இருக்கும்வரை, அந்த விவரங்கள் முழு உண்மையைச் சொல்லப்போவதில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995 முதல் பதிவான வீட்டு விற்பனை விலைகளை நிலப்பதிவுத் துறை பொதுமக்கள் பார்வைக்கு வைத்துள்ளது. இங்கும் மாநிலப் பதிவுத் துறைகள், வாங்கியவர், விற்றவர் பெயர்களைத் தவிர்த்து, பகுதி, பயன்பாட்டுப் பரப்பு, பதிவான விலை ஆகியவற்றைத் தெருவாரியாக வெளியிடலாம். பக்கத்து வீட்டின் விலை வெளிச்சத்துக்கு வந்தால், குறைத்துக் காட்டுவதும் கடினமாகும். சலுகைகளுக்கான விலை வரம்பையும் மத்திய அரசு நகரவாரியாக நிர்ணயிக்க வேண்டும்.

வாழ்நாள் சேமிப்பையும், இனி வரப்போகும் இருபது ஆண்டுச் சம்பளத்தையும் ஒரு வீட்டுக்காக அடகு வைக்கும் குடிமகன், அதன் உண்மையான விலையை அறிந்துகொள்ள வழி செய்வது அரசின் குறைந்தபட்சக் கடமை.