குடியின் கணக்கை யார் எழுதுவது?

'குடி குடியைக் கெடுக்கும்' என்பது நம் நாட்டில் பள்ளிக்குச் செல்லாதவரும் அறிந்த பழமொழி. திருவள்ளுவரும் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அறிவுரைக்குக் குறைவில்லை, குடிக்கும் குறைவில்லை. காரணம் என்ன? குடியால் வரும் வரவை மட்டும் எழுதுகிறோம், செலவை எழுதுவதில்லை.

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமான டாஸ்மாக் நடத்தி வருகிறது. 2023-24ஆம் ஆண்டில் இதனால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். "இந்தப் பணத்தில்தானே நலத்திட்டங்கள் நடக்கின்றன?" என்று கேட்பாரும் உண்டு. செலவுப் பக்கம் காலியாக உள்ள கணக்கை எங்கள் கணக்கு ஆசிரியை ஏற்பாரா?

கரும்பு வெட்டும் ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு 150 ரூபாயைக் குடிக்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். மாதத்திற்கு 4,500 ரூபாய். ஆண்டுக்கு 54,000 ரூபாய்! இது முதல் செலவு மட்டுமே. மது கல்லீரலையும் இதயத்தையும் நரம்புகளையும் கெடுக்கிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 26 இலட்சம் பேர் மதுவால் இறந்தனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோயில் விழுந்தவனுக்குக் கூலி இல்லை. அருகிருந்து பார்க்கும் மனைவிக்கும் கூலி இல்லை. மருந்துக்குத் தாலியும் அடகுக்குப் போகிறது. முடிவில் மகளின் படிப்பு நிற்கிறது. நன்றாகப் படித்த ஒரு பெண் பாதியில் நின்று வேலைக்குப் போனால், அந்த இழப்பை மதுவின் செலவு என்று எந்த ஏட்டில் எழுதுகிறார்கள்?

தொலைதூரம் போக வேண்டாம். 2023 மே மாதம் நம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்திலும் விஷச்சாராயம் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ஓராண்டு கழிந்து 2024 ஜூனில், முன்பு நம் மாவட்டத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியில், கருணாபுரம் பகுதியிலும் சுற்றுப்புறத்திலும் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால்தான் எமன். அது உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கருக்கி, உயிரையும் பறிக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு அரசு 10 இலட்சம் ரூபாய் அறிவித்தது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவையும் ஏற்றது. நல்லதே! ஆனால் அப்பாவும் அம்மாவும் போன பின்னர் வரும் உதவி, அவர்கள் இருந்தபோது வந்திருக்கலாகாதா?

"கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும்" என்கிறார்கள். கடைகள் திறந்திருந்த காலத்தில்தானே இவ்விரு கொடுமைகளும் நடந்தன? அதே சமயம், மதுவிலக்கு உள்ள குஜராத்திலும் பீகாரிலும் 2022ஆம் ஆண்டில் விஷச்சாராயம் பலரைக் கொன்றது என்பதையும் மறைக்கலாகாது. ஆகவே சட்டம் மட்டும் போதாது. கடைகள் படிப்படியாகக் குறைய வேண்டும். குடியை விட விரும்புவோர்க்குத் தாலுகா மருத்துவமனைதோறும் படுக்கையும் மருத்துவரும் வேண்டும். குடி ஒழுக்கக்கேடு மட்டுமன்று, மருந்து கேட்கும் நோயும் ஆகும். மது வருவாயின் ஒரு பங்கை இதற்கென்றே ஒதுக்குவது நியாயம்.

தோழியரே! ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் மதுவின் வரவு வாசிக்கப்படுகிறது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் எத்தனை கல்லீரல்கள், எத்தனை தாலிகள், எத்தனை சிறுமியரின் படிப்பு என்பதும் வாசிக்கப்படட்டும். அன்று தெரியும், இந்த வியாபாரத்தில் இலாபம் யாருக்கு, நட்டம் யாருக்கு என்று. அந்தச் செலவுப் பக்கத்தை எழுதச் சொல்லிக் கேட்பது, நாளை வாக்களிக்கப் போகும் நம் கடமை. சிந்திப்போம்! கேட்போம்!