பல் போனால் சொல் மட்டுமா போகும்?

"பல் போனால் சொல் போச்சு" என்பார்கள். சோறும் போகிறது, உழைக்கும் உடலின் பலமும் போகிறது. வயதானால் பல்லெல்லாம் போவது விதி என்பதை நாம் ஏற்கவில்லை. சொத்தையும் ஈறு நோயுமே முக்கிய காரணங்கள். புகையிலை ஈறு நோயை வளர்க்கிறது.

பிரிட்டனில் 1948இல் பொது மருத்துவத் திட்டம் பல்செட்டை இலவசமாக வழங்கியது. ஏழைகள் திரண்டு வந்தனர். 1951இல், ராணுவச் செலவு பெருகியபோது, அரசாங்கம் அதற்குக் கட்டணம் விதித்தது. அமைச்சர் அனூரின் பெவன் பதவியைத் துறந்தார். 1968இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரியவர்களில் நூற்றுக்கு 37 பேருக்குப் பல்லே இல்லை. 2009இல் இங்கிலாந்தில் நூற்றுக்கு 6 பேர்தான். விதியென்றால் குறைந்திருக்குமா?

பல்லிழந்தவரின் தாடையெலும்பு தேய்ந்துகொண்டே போகும். பொருந்திய பல்செட்டும் தளரும். மாற்றித் தர வேண்டும். தோழர்களே, பல்செட் அலங்காரமல்ல, மருத்துவம்! அதைப் பணம் கேளாமல் தருவது அரசாங்கத்தின் கடமை!